பாப்பா வந்துச்சு

மேற்கே மலையும் கிழக்கே செம்மண் காடுமாகக் கிடந்த ஓர் ஊரில் ஒரு கல்லூரி இருந்தது, அந்தக் கல்லூரி முழுக்க எழுதாத பேராசிரியர்கள் இருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை. முனைவர் பட்டத்துக்காக ஆளுக்கொரு தடித்த ஆய்வேட்டை எழுதி, கறுப்பு அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்து, வீட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்கள்தான். ஆனால் வேலை கிடைத்து, கல்யாணமாகி, விடைத்தாள் கட்டுகளும் தேர்தல் பணியும் வந்து தோளில் ஏறியபின் எழுத்து அவர்களை விட்டுப் போயிருந்தது, கோடையில் அருவி போவதைப் போல, இன்ன நாளில் போனதென்று யாரும் சொல்ல முடியாதபடி. லீவில் எழுதுவோம் என்றார்கள், லீவு வந்ததும் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார்கள், அது முடிந்து பேரனும் பிறந்தான்.

பொருளியல் துறை தேவசகாயம், பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரையைத் தன் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கியவர். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் பரணைச் சுத்தம் செய்தபோது அதன் முதல் பக்கம் கையில் கிடைத்தது. வாசித்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் என்ன எழுத நினைத்தோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதார். கல்லூரி திறந்த அன்று ஆசிரியர் அறையில் எழுந்து நின்று, "காலையில ஏழு மணியிலருந்து எட்டு மணி வரைக்கும் நான் எழுதப் போறேன். தனியா உக்காந்தா தூங்கிருவேன். யாராவது கூட வந்து உக்காருங்க" என்றார். நன்றாக எழுத வேண்டாம், எழுதினால் போதும்; பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, எட்டு மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. வேதியியல் துறையின் பழைய தராசு அறையைத் திறந்து தூசி தட்டிக் கொடுத்தார்கள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். விலங்கியல் ஜைனம்பு வந்தார், வணிகவியல் காந்திமதிநாதன் வந்தார், இன்னும் சிலரும் வந்தார்கள். தமிழ்த் துறை உலகம்மாள் மட்டும் வரவில்லை.

"ஒரு மணி நேரம்தான் மேடம்" என்றார் தேவசகாயம்.

"எங்கிட்ட எழுத ஒண்ணும் இல்ல சார்."

அவளிடம் எழுத என்ன இருக்கிறதென்று கல்லூரிக்கே தெரியும். அவள் மொழியியல் படித்தவள், குழந்தைகள் எப்படிப் பேச்சுக்குள் நடந்து வருகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து பிறந்த மகளுக்குப் புருஷன் குற்றாலிங்கத்தின் குலசாமி பேரை, பேச்சியம்மாள் என்று வைத்தபோது, மொழியியல்காரியின் மகளுக்கு இதைவிட நல்ல பேர் கிடைக்காது என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பேச்சி முதன்முதலாகப் பாலைப் பார்த்து 'ங்கா' என்ற நாளிலிருந்து உலகம்மாள் அவள் பேச்சையெல்லாம் பதிவு செய்தாள். குழந்தை அப்பாவையும் அம்மாவையும் தன்னையும்கூட அஃறிணையில் சொன்னது. 'அப்பா வந்துச்சு, அம்மா போச்சு, பாப்பா சாப்பிட்டுச்சு.' பந்துக்கும் அப்பாவுக்கும் ஒரே விகுதி. இந்தப் பிள்ளை எப்போது தன்னை 'நான்' என்று சொல்லும், எப்போது 'அப்பா வந்தாங்க' என்று மனுஷர்களைத் தனியே பிரித்துச் சொல்லும் என்பதுதான் கட்டுரையின் கேள்வி. அந்த வாசலுக்குக் கிட்டத்தில் பேச்சி வந்துகொண்டிருந்த ஓர் ஐப்பசியில், ஊருக்குள் வீடு வீடாக ஏறி இறங்கிய கொசுக்காய்ச்சல் அவளையும் கொண்டுபோயிற்று. மூன்று வயது முடியவில்லை.

அதன்பின் பதிவுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. உலகம்மாளும், மின்வாரியத்தில் வேலை பார்த்த குற்றாலிங்கமும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் போல இருந்தார்கள். பால் வந்துவிட்டதா, சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்று பேசிக்கொண்டார்கள். மகளின் பேரை இருவருமே சொல்வதில்லை. பேச்சி என்ற பேர் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்ததால், யாராவது யாரையாவது கூப்பிடும்போதெல்லாம் இருவரும் ஒரு கணம் கையில் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள்.

தராசு அறையில் முதல் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பென்சில் சீவினார்கள், கொட்டாவி விட்டார்கள், எழுதியதை அடித்தார்கள், அடித்ததைத் திரும்ப எழுதினார்கள். பிறகு மெல்ல, பழகிய மாடு நேரத்துக்குத் தொழுவத்துக்குத் திரும்புவதைப் போல, ஏழு மணியானால் கை தானாகப் பேனாவைத் தேடத் தொடங்கியது. மழையிலும் வந்தார்கள், பண்டிகைக்கு மறுநாளும் வந்தார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை, ஆற்று நீர்நாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஜைனம்புவின் நாற்காலிக்கடியில் ஒரு நீர்நாய் ஈரத்தோடு படுத்திருந்தது. அவர் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு வரியை முடித்தார். அந்த வாரமே தேவசகாயத்தின் பக்கத்தில் ஒரு பீடி சுற்றும் பெண் முறத்தைப் போன்ற சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். மனதில் படும்படி எழுதினால், எழுதப்படுவது ஏழு மணிக்கு வந்தது, எட்டு மணி அடித்ததும் போனது. மறுநாள் வந்து எழுதினால் திரும்ப வந்தது. கட்டுரை முடிந்து கடைசிப் புள்ளி வைத்துவிட்டால் வருவதில்லை.

கல்லூரி இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மணி அடிக்கிற பலவேசம், வெளியாட்கள் வந்தால் வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று பீடிப் பெண்ணிடம் நீட்டினார்; அவள் போட்ட ரேகை எட்டு மணிக்கு அவளோடு போய்விட்டதால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார். கேன்டீனில் தராசு அறைக்கு ஒரு டீ கூடுதலாகப் போட்டார்கள். நீர்நாய்க்கு மீன் வாங்க ஒரு தடவை விடுதி மாணவர்கள் மார்க்கெட்டுக்குப் போனார்கள், அது மோந்து பார்த்துவிட்டு விட்டது. முதல்வர், கட்டுரைகளோடு வருகிறவர்கள் வராண்டாவில் நிற்க வேண்டாம் என்று மட்டும் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஐந்து பேர் கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டி எழுதிய காந்திமதிநாதனிடம் நெடுநாள் யாரும் வரவில்லை. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கிழவர் வந்து அவர் முகத்தைக் குனிந்து பார்த்து, "உங்கள எனக்குத் தெரியாதே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அவர் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, தன் அப்பா வைத்திருந்து மூடிய அரிசிக்கடையைப் பற்றி எழுதத் தொடங்கினார். புழுங்கலரிசி வாசம் அறையில் நிறைந்தது.

பதவி உயர்வுக்காக வந்தவர்கள் அதை மறந்துபோனார்கள். தன்னைத் தேடி ஓர் உயிர் வந்து காத்திருக்குமே என்றுதான் இப்போது எழுந்து வந்தார்கள். உலகம்மாளை மட்டும் யாரும் அதன்பின் கூப்பிடவில்லை. அவள் நடந்து வந்தால் தராசு அறையைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஒருநாள் தேர்வு வேலைக்காகச் சீக்கிரம் வந்தவள், அந்த அறையின் ஜன்னலோரம் நின்றாள். உள்ளே ஜைனம்பு வலக்கையால் எழுதிக்கொண்டே இடக்கையால் நீர்நாயின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார், அது கண்ணை மூடிக் கிடந்தது. மணி அடிக்கிற வரைக்கும் உலகம்மாள் நகரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் வந்தபோது தேவசகாயம் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்கு மறுநாள் வந்தபோது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. யார் விரித்ததென்று அவள் கேட்கவில்லை.

முதல் வாரமெல்லாம் அவள் முன்னோடிகள் சொன்னதையே எழுதினாள். இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அதை மறுக்கிறார் என்று அடுக்கினாள். யாரும் வரவில்லை. பாய் காலியாகவே கிடந்தது. வராதபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைத் தாங்கவும் முடியவில்லை. இரண்டாம் வாரம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு முதல் பதிவைக் கேட்டு, முதல் எடுத்துக்காட்டை எழுதினாள்: 'ங்கா.' எழுதிய மை காயும் முன்னே பேச்சி பாயிலிருந்து தவழ்ந்து வந்து அவள் சேலைக் கொசுவத்தைப் பிடித்து எழுந்து நின்று, "ங்கா" என்றாள்.

உலகம்மாள் கத்தவில்லை. குனிந்து தூக்கினாள். கனம் இருந்தது, சூடு இருந்தது, கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டே அடுத்த வரியை எழுதினாள், எழுதினால்தானே இருக்கும். பீடிப் பெண் வெட்டுவதை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் உலகம்மாளைப் போல எழுதியவர் இல்லை. அவள் எழுத எழுதப் பேச்சி வளர்ந்தாள். ஒரு பகுதியில் நின்றாள், அடுத்த பகுதியில் நடந்தாள், இன்னொன்றில் நீர்நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். ஆனால் எழுதப்பட்டதை மட்டுமே பேசினாள். "பாப்பா வந்துச்சு" என்று எழுதிவிட்டால் "பாப்பா வந்துச்சு" என்பாள். "கண்ணு, அம்மாவத் தெரியுதா?" என்று கேட்டால் பேசாமல் பார்ப்பாள். அவள் வாயிலிருந்து இன்னொரு வாக்கியம் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு எடுத்துக்காட்டை எழுத வேண்டும். எட்டு மணி அடிக்கும்போது எங்கிருந்தாலும், மடியில் இருந்தாலும், போய்விடுவாள்.

பலவேசம் மேசை முனைகளுக்கெல்லாம் பழந்துணி சுற்றிக் கட்டினார். கேன்டீனிலிருந்து ஒரு டம்ளர் பால், சூடு ஆற்றி வந்தது. ஜன்னலுக்கு வெளியே கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஆட்டத்தை மைதானத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்தபோது, அதில் ஒருவர் அறையை எட்டிப் பார்த்து, "இங்க எப்படிக் குழந்தை?" என்றார். முதல்வர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அது தமிழ்த் துறையோட தரவு சார்" என்றார். குழுவினர் குறித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? ஒரு சாயங்காலம் குற்றாலிங்கம் தோசை தின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

"பேச்சி தெனமும் வாரா."

அந்தப் பேரை அவள் வாயில் கேட்டதும் அவர் கை தட்டில் நின்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"கேள்விப்பட்டேன்" என்றார்.

"ஒரு நா வாங்களேன். ஏழு மணிக்கு டூட்டி இல்லல்லா."

"நான் வரல."

"உங்களப் பாத்தா 'அப்பா வந்துச்சு'ம்பா. அது பதிவுல இருக்கு, எழுதிட்டேன். கண்டிப்பா சொல்லுவா."

அவர் எழுந்து கை கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஒரு தடவ இந்தக் கையால குழியில எறக்கிக் குடுத்தாச்சு உலகு. ஒனக்குத் தெம்பு இருக்கு, நீ தெனமும் எட்டு மணிக்குக் குடுக்குற. என்னால முடியாது" என்றார்.

அவள் அதன்பின் கூப்பிடவில்லை.

அந்த மாரிக்காலத்தில் ஜைனம்புவின் கட்டுரை முடிந்தது. கடைசிப் புள்ளியை வைத்ததும் நீர்நாய் எழுந்து உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு வாசல் வழியாகப் போயிற்று. பேச்சி வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டு, "போச்சு" என்றாள். ஜைனம்பு சில நாள் லீவு போட்டார். திரும்பி வந்து, பாறை நண்டுகளைப் பற்றி ஒரு புதுத் தாளில் தலைப்பை எழுதினார். "சும்மா இருந்தா தாங்கல" என்று மட்டும் உலகம்மாளிடம் சொன்னார். "ஆனா முடிக்காமலும் இருக்க முடியல. அது பாதி உயிரா கெடக்கும்."

உலகம்மாளின் பதிவுகள் தீர்ந்துகொண்டிருந்தன. காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், பேச்சி கட்டிலுக்கடியில் பூனையைத் தேடியபடி 'பூனை போச்சு, பாப்பா தேடுச்சு' என்று சொன்னதுதான் கடைசி. அதை எழுதி முடித்தபின் உலகம்மாள் அட்டவணைகள் போட்டாள், அடிக்குறிப்பு எழுதினாள், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதினாள், முதல் பகுதியைத் திரும்பப் பிரித்து எழுதினாள். பேச்சி இன்னும் வந்துகொண்டிருந்தாள், ஆனால் வளரவில்லை. அதே பூனையை அதே மேசைக்கடியில் தேடினாள். தொடங்கிய கட்டுரையை முடிக்க வேண்டும் என்று தேவசகாயம் பின்னால் ஒரு விதியைச் சேர்த்திருந்தார். அவர் அதை அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு ஒருநாள் அவள் கை, அவளைக் கேட்காமலே என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டேதான், ஒரு புது வரியை எழுதியது. 'ஐந்து வயதில்: அம்மா, நான் பள்ளிக்கூடம் போயிட்டு வந்துட்டேன்.'

பாயில் ஒரு சிறுமி நின்றாள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை, வரிசையான பல். உலகம்மாளின் வீட்டு நெற்றிதான், குற்றாலிங்கத்தின் காதுதான். "அம்மா, நான் பள்ளிக்கூடம் போயிட்டு வந்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், கரும்பலகையில் எழுதிப் போட்டதை வாசிப்பவள் போல, ஓர் எழுத்தும் பிசகாமல். உலகம்மாள் ஓடிப்போய் அணைத்தாள். தராசு வைக்கிற சலவைக்கல்லைத் தொட்டது போல ஜில்லென்றிருந்தது. சிறுமி அணைப்புக்குள் நின்று, ஒரு வீட்டு வாசலில் வழி கேட்க நிற்கிற பிள்ளையைப் போல அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளைத் தெரிந்ததற்கான எதுவும் இல்லை. பீடிப் பெண் காலை இழுத்துக்கொண்டு சுளகை மார்போடு அணைத்தாள்.

"மேடம், அது யாரு?" என்றார் தேவசகாயம், மெதுவாக. விதியை மீறி அந்த அறையில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெரியல சார்" என்றாள் உலகம்மாள். அவள் போய் அந்த வரியை அடித்தாள். தாள் கிழிகிற வரைக்கும் அடித்தாள்.

மறுநாள் அவளிடம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் பாய் வெறுமையாகவே கிடந்தது. அவள் பழைய பக்கங்களை எடுத்து, பதிவைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் திரும்பச் சரிபார்த்தாள், மூச்சு விட்ட இடத்தைக்கூட விடவில்லை. வாரக் கடைசியில் பேச்சி வந்தாள். உள்ளே வராமல் வாசல்படியில் ஒரு காலை வைத்து நின்று, அம்மாவையும் அம்மா கையிலிருந்த பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் விளக்குப் போடாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். குற்றாலிங்கம் வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பொய் எழுதிட்டேன்" என்றாள். "அவ சொல்லாதத சொன்னான்னு எழுதிட்டேன். வேற ஒரு பிள்ள வந்து நின்னுச்சுங்க. நம்ம பேச்சியவே தொரத்தப் பாத்தேன். எங்கிட்ட எழுத ஒண்ணும் மிச்சம் இல்ல. இதோட முடிச்சா, அவ 'நான்'னு சொல்லாமலே போயிட்டான்னுதான் முடிக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றாமலே அவளெதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொன்னா" என்றார்.

"என்னது?"

"ஆஸ்பத்திரியில. நீ ரத்தம் குடுக்கப் பையங்களக் கூட்டிட்டு வர காலேஜுக்குப் போயிருந்த. கண்ண முழிச்சா. நல்லாத்தான் முழிச்சா, எனக்கு உயிரே வந்துச்சு. என் வெரலப் புடிச்சுக்கிட்டு, 'நான் தூங்குதேன். அம்மா வந்தாங்கன்னா எழுப்பு'ன்னா."

சுவரோரம் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

"நீ வந்த. நான் எழுப்புனேன். எழுப்புனேன் உலகு, தோளப் புடிச்சு ஆட்டி எழுப்புனேன். எந்திரிக்கல." அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "இத ஒங்கிட்டச் சொன்னா, நீ போகாம இருந்திருக்கலாமேன்னு காலத்துக்கும் நெனப்ப. அவ சொன்ன வேலைய நான் செய்யலியேன்னு நான் நெனச்சுக்கிட்டாப் போதும்னு இருந்துட்டேன்."

உலகம்மாள் முதலில் கேட்டது 'நான்' என்பதை. இரண்டாவதாகக் கேட்டது 'வந்தாங்க' என்பதை. அந்த வாசலைப் பிள்ளை ஒரே மூச்சில் தாண்டியிருக்கிறது என்று அவள் படித்த படிப்பு அவளுக்குள் சொன்னது. அதற்குப் பிறகுதான் அது தன் மகள், அது தனக்காகச் சொன்னது என்பது அவளுக்குள் போய் விழுந்தது. படிப்பு முந்திக்கொண்டதற்காக அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். குற்றாலிங்கம் அவள் கையைப் பிடித்தார். மகள் போன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

காலையில் அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அவளுக்கு முந்தியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

தராசு அறை வாசலில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உலகம்மாள் பேனாவைத் திறந்தாள். பேச்சி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, அவரைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அப்பா வந்துச்சு, அப்பா வந்துச்சு" என்று ஓடிப்போய் மடியில் விழுந்தாள். அவர் அவள் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. காந்திமதிநாதன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உலகம்மாள் எழுதினாள். நாள், இடம், குழந்தையின் வயது, காய்ச்சலின் அளவு எல்லாம் எழுதினாள். 'நான் தூங்குதேன். அம்மா வந்தாங்கன்னா எழுப்பு.' அடியில் ஒரு குறிப்பு: 'ஒலிப்பதிவு இல்லை. கேட்டவர் குழந்தையின் தந்தை.'

குற்றாலிங்கத்தின் மடியில் பேச்சி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "நான் தூங்குதேன்" என்றாள். "அம்மா வந்தாங்கன்னா எழுப்பு." சொல்லிவிட்டு ஒருக்களித்துக் கண்ணை மூடினாள்.

வெளியே வராண்டாவில் முதல் வகுப்புக்கு மாணவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். வழக்கமாக அந்நேரம் காது கிழிகிற சத்தம் இருக்கும், அன்று செருப்புச் சத்தம்கூட இல்லை. கடிகாரத்தில் எட்டு தாண்டியிருந்தது. பலவேசம் மணிக்குக் கீழே கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார், அடிக்கவில்லை. முதல்வர் தன் அறையிலிருந்து வந்து, அவரைப் பார்த்து, அடிக்கச் சொல்லாமல் பக்கத்தில் நின்றார். பீடிப் பெண் போகவில்லை, அரிசி வாசம் போகவில்லை.

உலகம்மாளுக்கு அது தெரிந்தது. கல்லூரி மொத்தமும் தனக்காக நேரத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது, தான் கடைசிப் புள்ளி வைக்காமல் இருந்தால் சாயங்காலம்வரைகூட இப்படி நிற்கும் என்று தெரிந்தது. பேனாவை மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் பாயில் புருஷனுக்கெதிரே உட்கார்ந்தாள்.

"எழுப்புங்க" என்றாள்.

குற்றாலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, மகளின் தோளில் கையை வைத்து, மெதுவாக ஆட்டினார். "பேச்சி. எந்திரிம்மா. அம்மா வந்துட்டாங்க பாரு."

பேச்சி கண்ணைத் திறந்தாள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல எழுதப்பட்டது ஏதும் இல்லை. அம்மாவைப் பார்த்தாள். தூங்கி எழுந்த பிள்ளை பார்ப்பது போல, முதலில் யாரென்று தெரியாமல், பிறகு தெரிந்து, தெரிந்ததும் கன்னமெல்லாம் விரிய. உலகம்மாள் அவள் முகத்தைக் கையில் ஏந்தி, "வந்துட்டேன் கண்ணு, கொஞ்சம் நேரமாயிருச்சு" என்றாள். கண்ணிலும் நெற்றியிலும் வியர்த்த கழுத்திலும் முத்தமிட்டாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

அதை அவள் எழுதவில்லை. எழுந்து மேசைக்குப் போய், நின்றபடியே கடைசி வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்து, அதன் முடிவில் புள்ளி வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது குற்றாலிங்கம் அதே போல உட்கார்ந்திருந்தார், ஒரு கை தோளுக்கு அணைப்பாக வளைந்திருந்தது, ஒரு கை முழங்காலுக்கு அடியில் தாங்கலாக இருந்தது. அவர் அந்தக் கைகளைக் கீழே இறக்கவில்லை. உலகம்மாள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து மணி அடித்தது. மாணவர்கள் வகுப்புகளுக்குப் போனார்கள், அந்த வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.